மலைக்குளிரில் பிரிண்ட் கழுவ டிரே தேர்ந்தெடுப்பது எப்படி? வீட்டு இருட்டறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூரில் நான் கறுப்பு வெள்ளை போட்டோ பிரிண்ட் போடும் என் வீட்டு இருட்டறை ஒரு காலத்தில் விறகு அடுக்கிவைத்த அறை. ஆறடிக்கு ஐந்தடி இருக்கும். சுவரை ஒட்டி ஒரு கடப்பா கல் மேடை. முதல் டிசம்பரில் அந்த மேடைமேல் மூன்று பிளாஸ்டிக் டிரேக்களை வரிசையாக வைத்து, பேப்பரில் படத்தை எழுப்பும் கரைசலான டெவலப்பரைச் சரியாக 20 டிகிரிக்குக் கொண்டுவந்து ஊற்றினேன். முதல் இரண்டு பிரிண்ட் நன்றாக வந்தன. ஐந்தாவது பிரிண்டில் கறுப்பு கறுப்பாக இல்லை, அடுப்புச் சாம்பல் மாதிரி நின்றுவிட்டது. பேப்பர் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதுப் பாக்கெட்டைப் பிரித்தேன். அதிலும் அதே சாம்பல். தெர்மாமீட்டரை டிரேக்குள் வைத்துப் பார்க்க வெகுநேரம் கழித்துத்தான் தோன்றியது. 13 டிகிரி காட்டியது.

பேப்பரில் குறை இல்லை. டிரே அகலமானது, கரைசல் ஆழமில்லாமல் பரவிக் கிடந்தது, அடியில் ஐஸ் மாதிரி கடப்பா கல். சூடு கீழே கல்லுக்கும் மேலே காற்றுக்கும் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. பேப்பர் டெவலப்பர்களில் கறுப்புக்கு அழுத்தம் கொடுப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுவினோன் என்ற மருந்து. 12, 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். உடன் இருக்கும் இன்னொரு மருந்தான மெட்டால் மட்டும் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் டிரேயை ஆட்டினாலும் அந்தச் சாம்பல் கறுப்பாகாது.

சமவெளியில் இருப்பவர்களுக்கு எழுதப்பட்ட யோசனைகளை அப்படியே நம்பி டிரே வாங்கினால் ஊட்டியிலும் கோத்தகிரியிலும் இதுதான் நடக்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுகிறது. வீட்டுக்குள்ளேயே ராத்திரி 10, 12 டிகிரி சாதாரணம். இங்கே டிரே வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, ‘இதை வெந்நீரில் உட்கார வைக்க முடியுமா?’ என்பதுதான். அளவு, பொருள், நிறம் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியோடு சேர்த்தே பார்ப்போம்.

1. கடைக்குப் போகுமுன் மேடையை அளந்துகொள்ளுங்கள்

எந்த அளவில் பிரிண்ட் போடப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆரம்பிக்கிறவர்களுக்கு எட்டுக்குப் பத்து அங்குலம் போதும் என்பது என் கருத்து. அஞ்சுக்கு ஏழில் தொடங்கினால் மலிவு என்று தோன்றும். ஆனால் இரண்டு மாதத்தில் அது சின்னதாகத் தெரிய ஆரம்பிக்கும், டிரே, பேப்பர், அதைப் பிடிக்கும் இடுக்கியான டாங்ஸ் எல்லாவற்றையும் மறுபடி வாங்க வேண்டிவரும்.

எட்டுக்குப் பத்து பேப்பர் என்பது சுமார் 20-க்கு 25 சென்டிமீட்டர். அதைப் போட்டு எடுக்க, உள்ளளவு 25-க்கு 30 சென்டிமீட்டராவது இருக்கும் டிரே வேண்டும். நான்கு பக்கமும் இரண்டு விரல் இடம் இருந்தால்தான் பேப்பரின் மூலையை டாங்ஸால் பிடிக்க முடியும். இடம் இறுக்கமாக இருந்தால் பேப்பர் ஓரம் சுவரில் இடித்து மடியும். பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் பேப்பர் நனைந்த பிறகு துணி மாதிரி தொளதொளவென்று இருக்கும், ஒருமுறை மடிந்தால் அந்தக் கோடு போகவே போகாது.

டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசலான ஸ்டாப், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ என்று மூன்று டிரே. குறுகிய பக்கம் உங்களைப் பார்த்திருக்குமாறு வரிசையாக வைத்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வேண்டும். கழுவும் டிரே தனி, அது தரையில் இருந்தாலும் பரவாயில்லை. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜர் இந்த வரிசையிலிருந்து தள்ளி இருக்கட்டும். ஈரக் கை ஒரு பக்கம், உலர்ந்த கை ஒரு பக்கம் என்று அறையையே இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மீட்டர் இல்லையா? மாடிப்படி மாதிரி மூன்று தட்டு ஸ்டாண்ட் செய்து, மேலே டெவலப்பர், நடுவில் ஸ்டாப், கீழே ஹைப்போ என்று வைக்கலாம். இந்த வரிசையை மாற்றவே கூடாது. ஹைப்போ மேலே இருந்தால் அதன் சொட்டு டெவலப்பரில் விழும். ஹைப்போ கலந்த டெவலப்பர் பிரிண்டில் கறை போடும், அப்புறம் அதைக் கீழே ஊற்றுவதைத் தவிர வழியில்லை.

அதற்கும் இடமில்லாதவர்கள் ஒரே டிரேயில் வேலையை முடிக்கலாம். பேப்பரை டிரேயிலேயே வைத்துவிட்டு, டெவலப்பரை ஊற்றி, வடித்து, ஸ்டாப் ஊற்றி, வடித்து, ஹைப்போ ஊற்றுவது. ஒவ்வொரு பிரிண்டுக்குப் பிறகும் டிரேயை நன்றாக அலச வேண்டும், வேகமும் குறைவு. ஆனால் 16-க்கு 20 மாதிரி பெரிய பிரிண்ட் எப்போதாவது ஒன்று போடுகிறவர்களுக்கு இது நல்ல வழி. குளிரிலும் ஒரு லாபம் உண்டு. கரைசல்கள் குடுவையில், வெந்நீர் வாளிக்குள் நிற்கும், டிரேயில் இருப்பது ஒன்றிரண்டு நிமிடம்தான்.

2. எவ்வளவு கரைசல் ஊற்றப்போகிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள்

25-க்கு 30 டிரேயின் பரப்பு 750 சதுர சென்டிமீட்டர். ஒரு லிட்டர் ஊற்றினால் ஆழம் 1.3 சென்டிமீட்டர் வரும். பேப்பர் முழுக அது போதும், ஆனால் குளிருக்குப் போதாது. ஒன்றரை லிட்டர் ஊற்றினால் ஆழம் 2 சென்டிமீட்டர். பரப்பு அதே அளவுதான், சூட்டைத் தாங்கும் கரைசல் ஒன்றரை மடங்கு. ஆறுவது அந்த அளவுக்கு மெதுவாகும்.

“ஒரு சைஸ் பெரிய டிரே வாங்குங்கள், கை தாராளமாகப் போகும்” என்று பலர் சொல்வார்கள். சென்னையில், மதுரையில் அது சரி. இங்கே டெவலப்பருக்கு மட்டும் அந்த யோசனையை நான் ஏற்பதில்லை. பெரிய டிரேயில் அதே ஒன்றரை லிட்டர் மெல்லிசாகப் பரவும், காற்று படும் பரப்பு கூடும், சீக்கிரம் ஆறும், காற்றுப் பட்டு டெவலப்பர் சீக்கிரம் பழுப்பாகவும் செய்யும். டெவலப்பர் டிரே பேப்பருக்கு அளவாக, சுவர் உயரமாக இருக்கட்டும். ஒரு சைஸ் பெரிய டிரேயும் வாங்குங்கள், ஆனால் வேறு வேலைக்கு. அது நான்காவது படியில் வரும்.

சுவர் உயரம் குறைந்தது 6 சென்டிமீட்டர். 2 சென்டிமீட்டர் கரைசல் உள்ள டிரேயின் ஓரத்தைத் தூக்கி ஆட்டும்போது அலை எதிர்ச்சுவரில் ஏறும். டீ கொடுக்கும் தட்டு மாதிரி ஒரு அங்குல சுவர் இருந்தால் பாதி மேடையில்தான் இருக்கும்.

3. பொருள்: எதை நம்பலாம், எதைத் தொடக்கூடாது

பெரும்பாலானோருக்கு நல்ல கெட்டியான பிளாஸ்டிக் போதும். போட்டோ வேலைக்கென்றே வரும் டிரேக்களும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். பாலிப்ரொப்பிலீன், கெட்டியான பாலிஎதிலீன், பி.வி.சி. மூன்றும் நம் கரைசல்களுக்கு அசையாது. பார்க்க வேண்டியது விறைப்பு. காலி டிரேயை எதிரெதிர் மூலைகளில் பிடித்து முறுக்கிப் பாருங்கள். காகிதம் மாதிரி வளைந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு லிட்டர் கரைசலோடு அதைத் தூக்கும்போது நடுவில் தொய்ந்து, ஓரம் வழியாக உங்கள் செருப்பில் கொட்டும். விளிம்பு வெளிப்பக்கமாக மடித்து விடப்பட்டிருந்தால் டிரே நன்றாக நிற்கும், பிடிக்கவும் வசதி.

எவர்சில்வர் டிரே வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. எவர்சில்வர் சூட்டைச் சீக்கிரம் கடத்தும். வெந்நீரில் உட்கார்ந்தால் டெவலப்பருக்குச் சூடு உடனே ஏறும். அதே டிரே வெறும் கல்லின்மேல் இருந்தால் அதே வேகத்தில் சூட்டை இழக்கும். அதனால் வெந்நீர்த் தொட்டி வைக்கப்போகிறவர்களுக்கு மட்டும் எவர்சில்வர், மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக். வாங்கும்போது ஒரே தகட்டில் அழுத்தி எடுத்ததாகப் பாருங்கள். மூலையில் ஈயம் வைத்துப் பற்றவைத்ததை எடுக்காதீர்கள். ஈயம், வெள்ளீயம், செம்பு, பித்தளை இவை டெவலப்பரில் பட்டால் பேப்பரில் மூட்டம் விழும், வெள்ளை வெள்ளையாக இருக்காது. ஹைப்போவுக்கும் எவர்சில்வர் வேண்டுமென்றால் 316 தரம் வாங்குங்கள். சாதாரண வீட்டு எவர்சில்வரில் அமில ஹைப்போவை ராத்திரி முழுக்க விட்டால் புள்ளி புள்ளியாக அரிக்க ஆரம்பிக்கலாம்.

அலுமினியம் பக்கமே போகாதீர்கள். டெவலப்பர் காரத்தன்மை உள்ளது, அலுமினியத்தை அரிக்கும். துத்தநாகம் பூசிய தகரமும் அப்படித்தான்.

கண்ணாடி, பீங்கான் பாத்திரங்கள் வேதியியல் ரீதியாக மிகச் சுத்தமானவை. கேக் வேகவைக்கும் செவ்வகக் கண்ணாடிப் பாத்திரம் அஞ்சுக்கு ஏழு பிரிண்டுக்கு அருமையாக இருக்கும். கனமானவை என்பதால் ஆறுவதும் மெதுவாக. இருட்டில் ஈரக் கையோடு கண்ணாடியைத் தூக்குவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

எனாமல் டிரே பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதுதான் கைக்குக் கிடைக்கும். ஊட்டியில் இந்து நகர் என்று ஒரு பகுதியே இருக்கிறது. 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1967-இல் உற்பத்தி தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் பேப்பரும் நாடு முழுக்கப் போயின. தொழிற்சாலை மூடிவிட்டது. மலையில் பழைய ஸ்டூடியோக்களும் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. பரணில் கிடக்கும் டிரேக்கள் பழைய சாமான் கடைகளுக்கு வருகின்றன, நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமல்.

அப்படி ஒன்றை நான் ஆசையாக வாங்கினேன். பார்க்க அவ்வளவு அழகு. அடிமூலையில் மிளகு அளவுக்கு எனாமல் பெயர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஸ்டாப் ஊற்றிய மூன்றாம் நாள் அந்த இடத்திலிருந்து துரு வழிந்து, வெள்ளை ஓரங்களில் பழுப்புப் பொட்டாக விழுந்தது. அமிலம் படும் இடத்தில் துரு இன்னும் வேகமாக ஏறும். இதைப் பற்றிப் பிறகு ஒரு பெரியவரிடம் பேசினேன். ‘இந்து’ பேப்பரிலேயே வாழ்நாளெல்லாம் பிரிண்ட் போட்டவர்.

“தம்பி, உள்ளே விரலை விட்டு ஒரு சுத்து சுத்திப் பாத்தியா?”

“இல்லீங்க ஐயா, வெளியே பளபளன்னு இருந்துச்சு.”

“வெளியேவா மருந்து ஊத்தப்போற? நாலு மூலையும், அடிக்கோடும் தடவிப் பாரு. சொரசொரன்னு பட்டா வச்சிட்டு வந்துடு.”

அதற்குப் பிறகு எந்த டிரேயையும் தடவிப் பார்க்காமல் வாங்குவதில்லை. கீறல் விழாத எனாமல் இன்றைக்கும் முதல்தரமான டிரேதான். ஒரே ஒரு பெயர்ப்பு இருந்தாலும் அதைத் தண்ணீர் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. டெவலப்பருக்கு வெந்நீர்த் தொட்டி

மலையில் இருப்பவர்களுக்கு இந்த வழிகாட்டியில் முக்கியமான இடம் இதுதான். டிரேக்குள் டிரே. பெரிய டிரேயில் வெந்நீர், அதற்குள் டெவலப்பர் டிரே.

எட்டுக்குப் பத்து டிரேக்கு வெளித்தொட்டியாகப் பதினொன்றுக்குப் பதினான்கு அளவு டிரே பொருந்தும். கடையில் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள், ஒன்றுக்குள் ஒன்றை வைத்துப் பாருங்கள். உள் டிரேயைச் சுற்றி நான்கு பக்கமும் இரண்டு மூன்று விரல் இடம் வேண்டும், வெந்நீர் ஊற்றவும் பழைய நீரை மொண்டு எடுக்கவும். உள் டிரேயின் விளிம்பு வெளி டிரேயின் விளிம்பில் மாட்டிக்கொண்டு தொங்கினால் அந்த ஜோடி சரியில்லை.

தொட்டியின் அடியில் இரண்டு டைல்ஸ் துண்டு வைத்து அதன்மேல் டெவலப்பர் டிரேயை வையுங்கள். வெந்நீர் டிரேயின் அடியிலும் போக வேண்டும். சூடு அங்கிருந்துதான் ஏறுகிறது. மரத்துண்டு வைக்காதீர்கள், மிதந்து நகரும்.

தண்ணீர் மட்டம்: டிரேக்குள் கரைசல் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதே மட்டத்துக்கு வெளியே வெந்நீர். அதற்கு மேல் ஊற்றினால் பிளாஸ்டிக் டிரே படகு மாதிரி மிதக்க ஆரம்பிக்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் வெந்நீர் உள்ளே, டெவலப்பர் வெளியே. எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, ராத்திரி முழுவதற்கும் கலந்துவைத்த டெவலப்பர் போயிற்று.

எவ்வளவு சூடு? என் அறை 12 டிகிரியில் இருக்கும்போது தொட்டி நீரை 25, 26 டிகிரியில் தொடங்குவேன். டெவலப்பர் 21-இல் உள்ளே போகும். அரைமணிக்கு ஒருமுறை ஒரு குவளை ஆறிய நீரை மொண்டு எடுத்து, பிளாஸ்கிலிருந்து ஒரு குவளை சுடுநீர் ஊற்றுவேன். ஊற்றும்போது ஓரமாக, மெதுவாக. உங்கள் அறை, உங்கள் டிரே எப்படி என்பது ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். ஒரு நோட்டில் நேரத்தையும் டிகிரியையும் எழுதிவையுங்கள், அடுத்த முறை தெர்மாமீட்டரைப் பார்க்காமலேயே கை போகும்.

நம் வீடுகளில் படுக்கையில் வைத்துக்கொள்ளும் ரப்பர் வெந்நீர்ப் பை இதற்கு நல்ல துணை. அதை நிரப்பி, தொட்டியின் ஒரு பக்க இடைவெளியில் சாய்த்து வைத்தால் சூடு மெல்ல மெல்ல இறங்கும்.

வாளியில் தண்ணீர் சுடவைக்கும் ராடை டிரேயில் வைக்கவே வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உருகும் என்பது சின்ன விஷயம். இருட்டில், ஈரக் கையோடு, உப்புக் கரைசலுக்குப் பக்கத்தில் மின்சாரம் வைப்பது உயிருக்கே ஆபத்து. மீன் தொட்டி ஹீட்டர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது முழுக்க மூழ்கும் ஆழம் டிரேயில் கிடைப்பது கஷ்டம், மூழ்காவிட்டால் கண்ணாடி வெடிக்கும். பிளாஸ்கும் வெந்நீர்ப் பையும் எனக்கு ஐந்து குளிர்காலம் போதுமானதாக இருந்திருக்கின்றன.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். கரைசல் ஊற்றுமுன் காலி டிரேயை வெந்நீரால் ஒருமுறை அலசி வடித்துவிடுங்கள், குளிர்ந்த டிரேயே இரண்டு டிகிரி சாப்பிட்டுவிடும். தொட்டிக்கு அடியில் கல் மேடைமேல் ஒரு பழைய கோணிச்சாக்கை நான்காக மடித்துப் போடுங்கள், அல்லது தெர்மாகோல் பலகை.

ஸ்டாப்புக்கும் ஹைப்போவுக்கும் தொட்டி தேவையில்லை. ஹைப்போவும் குளிரில் மெதுவாகும், அதனால் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த இரண்டுக்கும் சாக்கு மட்டும் போதும்.

5. டிரேயின் அடிப்பக்கம்

அடி சமதளமாக, கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் நனைந்த பேப்பர் அதில் ஒட்டிக்கொள்ளும். டாங்ஸால் எடுக்கப் போனால் முனை வழுக்கும், இரண்டாம் முறை அழுத்திப் பிடித்தால் பேப்பரின் மேல்பூச்சான ஜெலட்டினில் கீறல் விழும். அடியில் மேடு மேடாகக் கோடுகளோ வரிப்பள்ளங்களோ இருந்தால் பேப்பருக்குக் கீழே கரைசல் ஓடும், மூலை தானாக மேலே நிற்கும். மேடுகள் மழுங்கலாக இருக்க வேண்டும். கூர்மையான மேடு ஃபைபர் பேப்பரில் தடம் பதிக்கும். விரலால் தடவினாலே தெரியும்.

ஒரு மூலையிலாவது ஊற்றுவாய் இருக்கட்டும். வேலை முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு ஹைப்போவைப் பாட்டிலில் திருப்பி ஊற்றும்போது ஊற்றுவாய் இல்லாத டிரே எவ்வளவு சிந்தும் என்பது தெரியும். சிந்திய ஹைப்போ காய்ந்து வெள்ளைப் பொடியாகி, தூசியோடு பறந்து பேப்பர்மேல் உட்காரும்.

6. நிறத்தை நம்பாதீர்கள், அடையாளம் வையுங்கள்

மூன்று நிறத்தில் டிரே செட் விற்பார்கள். வெள்ளை, சிவப்பு, சாம்பல். கடை வெளிச்சத்தில் தெளிவாக இருக்கும். பேப்பரைக் கெடுக்காத இருட்டறை விளக்கான சிவப்பு சேஃப் லைட்டில் பாருங்கள்: சிவப்பு டிரேயும் வெள்ளை டிரேயும் ஒரே மாதிரி வெளிறித் தெரியும், ஏனென்றால் சிவப்பு வெளிச்சத்தை இரண்டுமே திருப்பி அனுப்புகின்றன. ஆரஞ்சு விளக்கிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. நிறம் பகலில் டிரேக்களைக் கலக்காமல் எடுத்துவைக்க உதவும். வேலை நேரத்தில் கைதான் கண்.

நான் செய்வது: டெவலப்பர் டிரேயின் வெளிவிளிம்பில் அரத்தால் ஒரு வெட்டு, ஸ்டாப்புக்கு இரண்டு, ஹைப்போவுக்கு மூன்று. விரல் பட்டாலே தெரியும். மார்க்கர் பேனா எழுத்து சில மாதத்தில் அழியும், டேப் ஒட்டினால் அதன் அடியில் ஹைப்போ ஊறி நிற்கும். மூன்று டாங்ஸிலும் அதே எண்ணிக்கை. ஒரு டிரேயின் டாங்ஸ் இன்னொரு டிரேக்குப் போகக்கூடாது.

டெவலப்பருக்கு மட்டும் வெள்ளை டிரேயாக இருந்தால் நல்லது. பேப்பரில் படம் எழும்பி வருவதை வெள்ளைப் பின்னணியில் பார்ப்பது சுலபம். கரைசல் பழுப்பாக மாறுவதும் அதில்தான் உடனே தெரியும்.

7. பாத்திரக்கடையில் கிடைப்பது

போட்டோ டிரே தேடி அலைய வேண்டாம் என்றால், பாத்திரக்கடை, பிளாஸ்டிக் கடைகளில் செவ்வகப் பேசின், காய்கறி டிரே, துணிவைக்கும் பெட்டியின் மூடி எல்லாவற்றையும் பேப்பர் அளவு அட்டையோடு போய்ப் பாருங்கள். எட்டுக்குப் பத்து அளவில் வெட்டிய அட்டை ஒன்று பையில் இருந்தால் அளக்கும் டேப் தேவையில்லை. அட்டையை உள்ளே போட்டு, சுற்றிலும் இரண்டு விரல் போகிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான். நர்சரி டிரேக்கள் இங்கே மலிவு, ஆனால் பெரும்பாலும் அடியில் ஓட்டை இருக்கும். அவை பிறகு கழுவும் வேலைக்கு உதவும்.

ஒருமுறை கரைசல் ஊற்றிய பாத்திரம் மறுபடி சமையலறைக்குப் போகவே கூடாது. வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். வெளிவிளிம்பில் வெட்டு இருந்தால் அது இருட்டறைப் பாத்திரம் என்று எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும்.

எதை வாங்கினாலும் முதல் நாளே கரைசல் ஊற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சுடுநீர் ஊற்றிப் பாருங்கள், அடி கோணுகிறதா என்று. பின் பச்சைத் தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க ஒரு காகிதத்தின்மேல் வையுங்கள். காலையில் காகிதம் நனைந்திருந்தால் கசிவு.

பழைய டிரே என்றால் இன்னொரு சோதனை. நன்றாகக் கழுவிய டிரேயில் டெவலப்பர் ஊற்றி, வெளிச்சமே படாத பேப்பர் துண்டு ஒன்றை, சேஃப் லைட்டையும் அணைத்துவிட்டு, வழக்கமான நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் விடுங்கள். அதே பாக்கெட்டிலிருந்து இன்னொரு துண்டை ஒரு சுத்தமான கண்ணாடிப் பாத்திரத்தில் அதே மாதிரி செய்யுங்கள். இரண்டையும் ஹைப்போவில் போட்டு, கழுவி, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். டிரேயில் போட்டது லேசாகச் சாம்பல் பூத்திருந்தால் அந்த டிரே டெவலப்பருக்கு ஆகாது.

8. கழுவும் டிரே

பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. பேப்பருக்கு இரண்டு நிமிடம் ஓடும் நீரில் கழுவினால் முடிந்தது, எந்தப் பேசினும் போதும். ஃபைபர் பேப்பர் வேறு. ஹைப்போ அதன் நாருக்குள் இறங்கிவிடும், வெளியே வர ஒரு மணிநேரம்கூட ஆகும். அதற்கு ஆழமான டிரே, குறைந்தது 10 சென்டிமீட்டர், ஒரு சைஸ் பெரியது.

ஹைப்போ தண்ணீரைவிடக் கனமானது, அடியில்தான் தங்கும். அதனால் மேலே நீர் ஊற்றி மேலேயே வழியவிட்டால் பாதி வேலைதான் நடக்கும். சுவரின் கீழ்ப்பகுதியில் நாலைந்து சின்ன ஓட்டை போட்டு, மேலே குழாய் வைத்தால் அடிநீர் வெளியே போகும். இங்கேதான் அந்த நர்சரி டிரே பயன்படும், அடி ஓட்டைகளில் சிலவற்றை மட்டும் அடைத்துவிட்டு.

குன்னூரில் கோடையில் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அப்போது ஒரு மணிநேரம் குழாயைத் திறந்துவிட மனசு வராது. நிரப்பி, ஐந்து நிமிடம் பிரிண்ட்களைப் புரட்டிப் புரட்டிவிட்டு, முழுக்கக் கொட்டி, மறுபடி நிரப்புங்கள். சோடியம் சல்ஃபைட் கரைசலில் இடையில் பத்து நிமிடம் போட்டால் ஹைப்போ சீக்கிரம் வெளியேறும், தண்ணீரும் நேரமும் பெரிதாக மிச்சம்.

பயன்படுத்திய ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் பேப்பரிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது, மீன்களுக்கும் நீரில் வாழும் உயிர்களுக்கும் அது விஷம். நம் சாக்கடை ஓடைக்கும், ஓடை பவானிக்கும் போகிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அதில் போட்டுவைத்தால், சில நாட்களில் வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றைத் தனியாக எடுத்துவையுங்கள்.

9. வேலை முடிந்த பிறகு

ஒவ்வொரு டிரேயையும் தனித்தனியாகக் கழுவி, கவிழ்த்து, சாய்த்து உலர விடுங்கள். ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவைத்தால் ஹைப்போ டிரேயின் அடியில் ஒட்டியிருப்பது டெவலப்பர் டிரேக்குள் போய்விடும். மழைக்காலத்தில், அதிலும் அக்டோபர், நவம்பரில், மூடிய அறையில் இரண்டு நாள் விட்டால் பூஞ்சணம் வேறு.

டெவலப்பர் டிரேயில் படியும் பழுப்புக்கறை பெரும்பாலும் தீங்கில்லாதது. கொஞ்சம் சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துத் துணியால் துடைத்தால் பாதி போகும், மீதி இருந்தால் இருக்கட்டும். கம்பிநார் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் கீறல்களில்தான் அடுத்த கறை பிடிக்கும். பழைய முறைகளில் டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் கலந்து டிரே கழுவச் சொல்லியிருக்கும். வீட்டில் அது வேண்டவே வேண்டாம், டைக்ரோமேட் புற்றுநோய் வரவழைக்கும் விஷம்.

10. முதல் ராத்திரிக்கு முன் ஒரு ஒத்திகை

எல்லா டிரேயும் வந்து சேர்ந்த பிறகு, மூன்றிலும் வெறும் தண்ணீர் ஊற்றி, வெந்நீர்த் தொட்டியையும் தயார் செய்து, ஒரு பழைய கேலண்டர் தாளை எட்டுக்குப் பத்து அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் விளக்கு வெளிச்சத்தில், பிறகு சேஃப் லைட்டில். தாளை முதல் டிரேயில் சரித்துவிட்டு, உள் டிரேயின் ஒரு ஓரத்தை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி மெல்ல இறக்குங்கள். அலை எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்பிவரும் நேரத்தைப் பாருங்கள், அதுதான் உங்கள் டிரேயின் தாளம். அலை சுவர் தாண்டித் தெறித்தால் நீர் அதிகம், தாளின் நடுப்பகுதி வெளியே தெரிந்தால் குறைவு. டாங்ஸால் மூலையைப் பிடித்துத் தூக்கி, சொட்டு வடியும்வரை பத்து எண்ணி, அடுத்த டிரேக்குக் கொண்டுபோங்கள். கை எங்கே இடிக்கிறது, எந்த டிரே எட்டவில்லை, தொட்டி எத்தனை நிமிடத்தில் ஒரு டிகிரி இறங்குகிறது என்பதெல்லாம் அப்போதே தெரியும். டிரேக்களை நகர்த்த வேண்டியிருந்தால் இப்போதே நகர்த்துங்கள், மேடையில் ஒவ்வொரு டிரேயின் இடத்தையும் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள்.